கிளப் ஸ்கொயரைக் குளிர்காலம் தாண்டிக் கொண்டுவருவது எப்படி: இங்கிலாந்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

இங்கிலாந்தில் கிளப் கிரிக்கெட் ஆடுகிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பந்து போடவும் மட்டை பிடிக்கவும் ஆள் கிடைக்கிறது, ஸ்கோர் எழுதக்கூட ஆள் கிடைக்கிறது, ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் "அடுத்த வருஷம் கிரவுண்டை யார் பார்த்துக்கொள்வது" என்று கேட்டால் கை தூக்க ஆள் இல்லை. இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நம்மில் பாதிப் பேர் மேட்டிங் விரித்த தரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஆடி வளர்ந்தவர்கள், புல் பிட்ச் எப்படி உருவாகிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. லண்டனின் வெளிவட்டத்தில் ஒரு சின்ன கிளப்பில் எட்டு வருடமாக, சம்பளம் இல்லாமல், பத்து பிட்ச் உள்ள ஒரு ஸ்கொயரைப் பார்த்து வருகிறேன். முதல் இரண்டு வருடம் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்கொயர் என்றால் மைதானத்தின் நடுவில் பிட்ச்கள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும் அந்தச் சதுரம். அதைச் சுற்றியுள்ள மற்றதெல்லாம் அவுட்ஃபீல்டு. உங்கள் நேரத்தில் முக்கால்வாசி ஸ்கொயருக்குத்தான் போகும், போகவும் வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நல்ல பிட்ச்சுக்கு இரண்டு வேண்டும்: செங்கல் மாதிரி இறுகிய களிமண், அந்த மண்ணை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு நீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிற புல் வேர். இந்த இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. இறுகிய மண்ணில் வேர் இறங்காது, வேர் நன்றாக இறங்குகிற மண் பந்தை எழுப்பாது. அதனால் வருடத்தைப் பிரித்துக்கொள்கிறோம். செப்டம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை மண்ணைத் திறந்து வேருக்கு இடம் கொடுக்கிறோம். பிப்ரவரி கடைசியிலிருந்து அதே மண்ணை மெல்ல மெல்ல மூடுகிறோம். திறக்க வேண்டிய நேரத்தில் மூடினாலும், மூட வேண்டிய நேரத்தில் திறந்தாலும் ஜூலை மாதம் அது பிட்ச்சில் தெரிந்துவிடும். இரண்டு வேலைக்கும் நாள் குறிப்பது காலண்டர் இல்லை, மண்ணின் பதம்தான். நம் ஊரில் உழவுக்குப் பதம் பார்ப்பார்கள் இல்லையா, அதேதான்.

முதலில் ஒரு துண்டு மண்ணை எடுத்துப் பாருங்கள்

கடைசி ஆட்டம் முடிந்ததும் ஸ்கொயரின் ஓரத்து பிட்ச்சில், ஸ்டம்ப் நடும் இடத்துக்கு வெளியே, கோர் எடுக்கும் குழாயால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துண்டு எடுங்கள். குழாய் இல்லையென்றால் நீளமான கத்தியால் ஆப்பு மாதிரி வெட்டி எடுக்கலாம். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேலே பச்சை. அதற்குக் கீழே பழுப்பாக, பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கும், செத்த புல்லும் நாரும் சேர்ந்தது, தாட்ச் என்பார்கள். அதற்கும் கீழே மண். இப்போது துண்டின் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். தாறுமாறாக, வேர்கள் நீட்டிக்கொண்டிருக்க உடைந்தால் நல்லது. கத்தியால் வெட்டியதுபோல் ஒரே மட்டத்தில் பிரிந்துவந்தால், அந்த இடத்தில் மண் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்காகக் கிடக்கிறது என்று அர்த்தம். முன்பு யாரோ தாட்ச்சை எடுக்காமல் மேலே புது மண்ணைப் போட்டிருப்பார்கள், அல்லது வேறு வகை மண்ணைப் போட்டிருப்பார்கள். பந்து மேலெழாமல் செத்து வருகிற பிட்ச்களில் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான் இருக்கும், அதை எந்த ரோலராலும் சரிசெய்ய முடியாது.

எங்கள் ஸ்கொயரில் முதல் முறை எடுத்த துண்டு 3 சென்டிமீட்டரில் பிஸ்கட் மாதிரி இரண்டாகப் பிரிந்தது. அந்தத் துண்டைக் காயவைத்து இன்னும் ஷெட்டில் வைத்திருக்கிறேன். இப்போது எடுக்கிற துண்டில் அந்தப் பிளவு மங்கலாகிவிட்டது, ஆனால் முழுதாகப் போகவில்லை. எட்டு வருடம் ஆகியும் இதுதான் நிலை என்பதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரே வருடத்தில் எல்லாம் மாற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செப்டம்பர் கடைசி வாரம்: வருடத்தின் பெரிய வேலை

இந்த வேலையை அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஸ்கொயரில் நாம் விதைப்பது பெரெனியல் ரைகிராஸ். மண்ணின் சூடு 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் அது ஏழிலிருந்து பதினான்கு நாளில் முளைத்துவிடும், அதற்குக் கீழே போனால் இழுத்துக்கொண்டே போகும். பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை யாராவது நட்பு ஆட்டம் வைக்கலாமா என்று கேட்பார்கள். கிரவுண்ட் வேலைக்கு உதவ நிறைய ஆட்கள் இருக்கும் கிளப்பாக இருந்தால் ஒரு ஓரத்து பிட்ச்சைக் கொடுங்கள், இல்லையென்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஸ்கொயருக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். கோடை முழுக்கக் காய்ந்த களிமண் கல் மாதிரி இருக்கும், இயந்திரத்தின் பல் அதில் இறங்காது, மேலே குதித்துக்கொண்டே போகும். கத்தி கஷ்டப்படாமல் இறங்க வேண்டும், ஆனால் மேல்பகுதி காலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் புல்லைப் படிப்படியாக வெட்டி 4, 5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து ஸ்கேரிஃபையர். செங்குத்தான தகடுகள் சுழன்று தாட்ச்சைக் கீறி மேலே கொண்டுவருகிற இயந்திரம். கிளப்பில் இல்லையென்றால் வாடகைக்குக் கிடைக்கும், பக்கத்து கிளப்போடு சேர்ந்து எடுத்தால் செலவு பாதி. பிட்ச்சின் கோட்டுக்குக் கொஞ்சம் சாய்வாக ஒரு முறை, எதிர்ப்பக்கச் சாய்வில் ஒரு முறை, கடைசியாகப் பிட்ச்சின் நீளத்திலேயே ஒரு முறை என்று குறைந்தது மூன்று தடவை ஓட்டுங்கள். தாட்ச் அதிகமாக இருந்தால் ஐந்தாறு தடவைகூடத் தேவைப்படும். ஒவ்வொரு தடவையும் வெளியே வருவதை வாரி எடுத்துவிட்டுத்தான் அடுத்தது. முதல் முறை பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும்: எவ்வளவு வாரினாலும் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக வந்துகொண்டே இருக்கும், முடியும்போது ஸ்கொயர் பச்சையே இல்லாமல் உழுத புழுதி மாதிரி கிடக்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். பாதியில் நிறுத்துவதுதான் தப்பு. விதை மண்ணைத் தொட வேண்டும், தாட்ச்சின் மேல் உட்கார்ந்த விதை முளைத்தாலும் வேர் கீழே இறங்காமல் அடுத்த கோடையில் செத்துப்போகும்.

பந்து வீசுகிறவர்களின் கால் விழுந்து பள்ளமான முனைகளைத் தனியாகப் பாருங்கள். உதிரியாகக் கிடப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியைக் கீறிவிட்டு, கொஞ்சம் ஈரமாக்கி, லோமை (பிட்ச்சுக்கென்றே மூட்டையில் விற்கும் களிமண் கலந்த மண்) விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் குதிகாலால் மிதித்து இறுக்க வேண்டும். பிறகு நேர்கோலை வைத்து மட்டம் பாருங்கள். நிரப்புகிறவர்கள் எப்போதும் ஒரு கை அதிகமாகத்தான் போடுவார்கள், பத்து வருடத்தில் இரண்டு முனையும் மேடாகி நடுப்பகுதி தொட்டில் மாதிரி ஆகிவிடும், மழை பெய்தால் நீர் அங்கே தேங்கும்.

விதையின் அளவு சதுர மீட்டருக்கு 35 முதல் 50 கிராம். பிட்ச் என்பது 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம், முனைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும், எனவே ஒரு பிட்ச்சுக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோ. பாதியை நீளவாக்கிலும் பாதியை அகலவாக்கிலும் தூவினால் திட்டுத் திட்டாக விடுபடாது. பழைய விதை மூட்டையை நம்பாதீர்கள், போன வருடத்து மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்துவைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அதற்கு மேல் லோம். ஓங்கர், சர்ரே, போட்டன் என்று பல பெயர்களில் 25 கிலோ மூட்டைகளாக வரும், கிளப் ஸ்கொயருக்குப் பொதுவாக 25 முதல் 30 சதவீதம் களி உள்ளதைத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: உங்கள் ஸ்கொயரில் ஏற்கெனவே எந்த லோம் இருக்கிறதோ அதையே போடுங்கள். யாரோ இன்னொரு வகையைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று மாற்றாதீர்கள். வேறு வேறு களிமண் காயும்போது வேறு வேறு அளவில் சுருங்கும், அப்படித்தான் அந்த பிஸ்கட் பிளவு வருகிறது. ஒரு பிட்ச்சுக்கு எட்டிலிருந்து பத்து மூட்டை, விரித்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் கனம். பத்து பிட்ச்சுக்கு இரண்டு டன்னுக்கு மேல் தூக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்த ஒரு சனிக்கிழமைக்கு ஆறு பேரையாவது முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மண் காய்ந்திருக்க வேண்டும், மழை வருகிற நாளில் மூட்டையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். அகலமான லூட் கட்டையால் இழுத்து இழுத்துப் பரப்பி, மேட்டில் இருப்பதைப் பள்ளத்தில் விடுங்கள்.

பிறகு தண்ணீர், பூவாளி தூவுவதுபோல் மெல்லியதாக. மேல்மண் காயவிடாமல், குளமாகவும் விடாமல். முளைப்பு விரிப்பு இருந்தால் போடுங்கள், புறாக்களிடமிருந்தும் விதை தப்பிக்கும். ஆனால் தினமும் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். முளைத்த பிறகும் விரிப்பு கிடந்தால் உள்ளே வெக்கையும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடித்துவிடும்.

புல் 25, 30 மில்லிமீட்டர் வந்ததும் முதல் வெட்டு. கூரான தகடு உள்ள, எடை குறைந்த ரோட்டரி மோவரால் நுனியை மட்டும் எடுங்கள். கனமான சிலிண்டர் மோவரை இப்போது கொண்டுவந்தால் முளைத்த நாற்று மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

அக்டோபர் கடைசி முதல் கிறிஸ்துமஸ் வரை

புல் வேர் பிடித்ததும் ஸ்பைக்கர். திடமான ஆணிகள் 10 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கித் துளை போடும். அந்தத் துளை வழியாகக் காற்றும் நீரும் வேரும் இறங்கும், பிளவுபட்ட அடுக்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவும் இதுதான் வழி. மாதம் ஒரு முறை கிடைத்தால் போதும். ஆணி இறங்கும்போது மண் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு வந்தால் பதம் இல்லை, காத்திருங்கள்.

கிறிஸ்துமஸோடு ஸ்பைக்கரை ஷெட்டில் ஏற்றிவிடுங்கள். ஜனவரியில் ஒரு நல்ல நாள் கிடைத்தது என்று போடுகிறவர்கள் உண்டு, வேண்டாம். துளைகள் தானாக மூட நேரம் இருக்காது, ஜூனில் களிமண் சுருங்கும்போது அந்தத் துளைகளை இணைத்துக்கொண்டே விரிசல் ஓடும்.

இந்த மாதங்களில் தினசரி வேலை பனித்துளிதான். காலையில் புல் முழுக்க ஈரம் கோத்துக்கொண்டு நிற்கும், அது அப்படியே நின்றால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வரும், முதலில் சின்ன நாணயம் அளவு பழுப்பு வட்டம், ஒரு வாரத்தில் தட்டு அளவு. நீளமான, வளைகிற கழியை இடமும் வலமும் வீசிக்கொண்டு நடந்தால் பனித்துளி உதிரும், நீங்கள் போன இடம் அடர்பச்சையாகவும் போகாத இடம் வெள்ளியாகவும் தெரியும். இரண்டு பேர் ஒரு கயிற்றின் இரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாலும் போதும். வேலைக்குப் போகும் வழியில் கால் மணி நேரம். நவம்பரில் எனக்குப் பிடித்த கால் மணி நேரம் அதுதான்.

மண்புழு எச்சம் இன்னொரு தலைவலி. ஒரு காலத்தில் கார்பெண்டசிம் என்ற மருந்தை அடித்துக் கட்டுப்படுத்தினார்கள், பிரிட்டனில் 2017 ஆகஸ்டோடு அது நின்றுவிட்டது. இப்போது செய்யக்கூடியது, எச்சம் காய்ந்த பிறகு பிரஷ்ஷால் பரப்பிவிடுவது. ஈரமாக இருக்கும்போது மிதித்தாலோ மோவர் ஏறினாலோ சேறு பூசியதுபோல் தட்டையாகி அதற்குக் கீழே புல் செத்துவிடும், அந்த வழுக்கையில் களை வரும். பொதுவாகவே பூச்சிமருந்து, களைக்கொல்லி விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தொழில்முறை மருந்துகளை அடிக்க இங்கே சான்றிதழ் வேண்டும், கையில் பிடித்து அடிக்கும் கருவிக்கு பிஏ1, பிஏ6. அது இல்லாமல் டப்பாவைத் தொடாதீர்கள், சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.

காக்கைகள் ஒரே இடத்தைக் கொத்திக் கொத்திப் புல்லைப் பிடுங்கிப் போட்டிருந்தால் காக்கையைத் திட்டாதீர்கள். கீழே லெதர்ஜாக்கெட் என்கிற சாம்பல் நிறப் புழு வேரைத் தின்றுகொண்டிருக்கும். அந்த இடத்தை நனைத்து, இரவில் கறுப்புத் தார்ப்பாயை விரித்து ஓரத்தில் கல் வையுங்கள். விடிகாலையில் எடுத்தால் புழுக்கள் மேலே வந்து கிடக்கும், பெருக்கி எடுத்துவிடலாம். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் சின்ன ஸ்கொயருக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

புல் வளர்ந்தால் 12, 15 மில்லிமீட்டருக்கு நுனி வெட்டுங்கள், காய்ந்த நாளில் மட்டும். உறைபனி விழுந்த காலையில் யாரும் ஸ்கொயரில் கால் வைக்கக் கூடாது. உறைந்த புல் கண்ணாடி மாதிரி, மிதித்தால் உள்ளே உடைந்துவிடும், இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு காலடியும் கறுப்பாகத் தெரியும். இதை நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்களுக்கும் பக்கத்தில் கால்பந்து ஆடுகிற பையன்களுக்கும் புரியவைக்க ஒரே வழி, அக்டோபரிலேயே ஸ்கொயரைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டி ஒரு பலகை வைப்பது. பனி பெய்து மூடிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், தானாக உருகட்டும்.

அவுட்ஃபீல்டுக்கு இந்தக் காலத்தில் பெரிதாக எதுவும் வேண்டாம். இலையை வாருங்கள், நீர் தேங்கும் இடங்களைக் குறித்துவைத்து மண் பதமாக இருக்கும்போது ஆழமாகக் குத்திவிடுங்கள், கால்பந்து கோல்போஸ்ட் எங்கே வருகிறது என்பதை எழுத்தில் பேசிவையுங்கள். நீர் இறங்காத அவுட்ஃபீல்டை அடியோடு மாற்றுவது பெரிய காசு. லார்ட்ஸிலேயே 2002 பருவம் முடிந்த பிறகுதான் அவுட்ஃபீல்டு முழுவதையும் தோண்டியெடுத்து மணலும் வடிகாலும் போட்டு மாற்றினார்கள்.

ஷெட்டுக்குள்

மோவரின் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆகிவிட்டது, மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தை இழுத்து கார்புரேட்டரை அடைத்துவிடும். சிலிண்டர் மோவரைக் கூர்பார்க்க நவம்பரிலேயே அனுப்புங்கள், பிப்ரவரியில் எல்லா கிளப்பும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். திரும்பி வந்ததும் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துக் கையால் சிலிண்டரைச் சுற்றுங்கள், நீளம் முழுக்கச் சுத்தமாக நறுக்க வேண்டும். நீர் நிரப்பி எடை கூட்டும் ரோலர் என்றால் நீரை இறக்குங்கள், உறைந்தால் வெடித்துவிடும். வெளிக்குழாய்க்கும் அதேதான். கவர்களைக் காயவைத்து மடித்து உயரத்தில் வையுங்கள், தரையில் கிடந்தால் எலி கூடு கட்டும்.

பிப்ரவரி கடைசி முதல் மார்ச் வரை: ரோலர்

புதியவர்கள் அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான், நானும் இங்கேதான் கெடுத்தேன். என் இரண்டாவது வருடம், பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் பளிச்சென்று அடித்தது. மேலே காய்ந்திருக்கிறது என்று நம்பி நேராகக் கனமான ரோலரை ஏற்றினேன். உருளைக்கு முன்னால் மண் ஒரு சின்ன அலை மாதிரி எழும்பி நகர்ந்தது, கண்ணால் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை, இறுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அலை அப்படியே காய்ந்து நின்றுவிட்டது. அந்த வருடம் முழுக்க ஐந்தாம் எண் பிட்ச்சில் குட் லெங்த்தில் விழுந்த பந்து சில சமயம் கணுக்காலுக்கும் சில சமயம் விலாவுக்கும் வந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு விரலில் அடிபட்டது. அன்றிலிருந்து கத்தி வைத்துப் பார்க்காமல் நான் ரோலரைத் தொடுவதில்லை.

பதம் பார்ப்பது இப்படி. ஒரு சாதாரண சமையலறைக் கத்தியை 7, 8 சென்டிமீட்டர் இறக்குங்கள். நெய்யில் இறங்குவதுபோல் இறங்கி, தகட்டில் சேறு பூசிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம். முதல் விரற்கடையிலேயே நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. அழுத்தினால் சீராக இறங்கி, வெளியே எடுக்கும்போது தகடு ஏறக்குறையச் சுத்தமாக இருக்க வேண்டும். கீழேயிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள்: கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவு மாதிரி, கையில் ஒட்டாமல், வெடிக்காமல் உருண்டு நின்றால் அதுதான் ரோலர் போடும் பதம். மேலே புல் காய்ந்திருக்க வேண்டும், உள்ளே அந்த மாவுப் பதம் இருக்க வேண்டும். காய்ந்த பிறகு எத்தனை மணி நேரம் உருட்டினாலும் மேல்தோல்தான் மினுங்கும், அடியில் ஒன்றும் இறுகாது. கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் கிளப் ரோலர்களை வைத்து ஆய்வு செய்து கொடுத்த வழிகாட்டுதலிலும் ஈரம் சரியாக இருக்கும்போது உருட்டுவதற்குத்தான் முதலிடம்.

எடையைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் சிலிண்டர் மோவரின் வெட்டும் பகுதியை நிறுத்திவிட்டு அதன் எடையால் மட்டும் இரண்டு மூன்று நாள். அடுத்து 250, 300 கிலோ ரோலர். அது எந்தத் தடமும் விடாமல் ஓடுகிறது என்றால் அரை டன். மார்ச் கடைசியில்தான் ஒரு டன்னுக்கு மேற்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்கொயரின் குறுக்கே ஒரு முறை, இரண்டு மூலைவிட்டங்களிலும் ஒவ்வொரு முறை, கடைசியாகப் பிட்ச்சின் நீளத்தில், பிரிட்டன் கொடியில் கோடுகள் போகிற மாதிரி. ஒரே திசையில் போனால் மேடு அந்தத் திசையிலேயே தள்ளிக்கொண்டு போகும். ரோலர் நடக்கிற ஆளைவிட மெதுவாகப் போகட்டும், எடை மண்ணில் இறங்க நேரம் வேண்டும். ஸ்கொயரின் மேல் நிறுத்தாதீர்கள், திருப்பாதீர்கள், வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும். சின்னப் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது, சரிவில் ரோலரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது.

சில வருடம் பதம் வரவே வராது. 2022 அக்டோபரிலிருந்து 2024 மார்ச் வரையிலான பதினெட்டு மாதம், 1836இல் தொடங்கும் பதிவுகளிலேயே இங்கிலாந்தில் அதிக மழை பெய்த பதினெட்டு மாதம். அந்த வசந்தத்தில் எங்கள் கனமான ரோலர் ஏப்ரல் பிறந்தும் ஷெட்டிலேயே இருந்தது. கமிட்டியில் நச்சரிப்பு தாங்க முடியவில்லை. இருந்தாலும் விடவில்லை, முதல் இரண்டு ஆட்டத்தை எதிரணி மைதானத்துக்கு மாற்றிக் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படிக் கேளுங்கள். சேற்றில் உருட்டிய ஸ்கொயர் தேறி வர ஒரு பருவம் முழுக்க ஆகும்.

ரோலருக்கு நடுவே மற்ற வேலைகளும் ஓடும். பாசி இருந்தால் இரும்பு சல்பேட் போட்டு, கறுத்த பிறகு வாரி எடுங்கள். மண்ணின் சூடு தொடர்ந்து எட்டு பத்து டிகிரி இருக்கும்போது வசந்தகால உரம், மூட்டையில் சொன்ன அளவுக்கு ஒரு பிடியும் கூடாமல். வெட்டும் உயரத்தை வாரா வாரம் கொஞ்சமாக இறக்கி ஏப்ரல் நடுவில் 8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். வழுக்கை விழுந்த இடத்தில் கையால் கீறி விதை போட்டு விரிப்பு போடுங்கள்.

எதிலாவது சந்தேகம் வந்தால் கிரவுண்ட்ஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் என்ற ஜிஎம்ஏவின் பிட்ச் ஆலோசகரைக் கூப்பிடலாம். நேரில் வந்து துண்டு எடுத்துப் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்று அறிக்கை எழுதித் தருவார்கள். வெளியூர்க்காரர்களான நம்மிடம் எரிச்சல்படுவார்களோ என்று நான் முதலில் தயங்கினேன். அப்படி எதுவும் இல்லை. கிரவுண்ட் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கிற ஆளைப் பார்த்தால் அவர்கள் முகம் மலர்ந்துவிடுகிறது.

ஏப்ரல்: கோடு போட்டு முதல் பிட்ச்

ஸ்கொயரின் நான்கு மூலையிலும் நிரந்தர முளை புதைந்திருக்கும், பழைய ஆளிடம் கேட்டுக் கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் நூல் கட்டி 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் முக்கோணம் போட்டு மூலையைச் சரியான செங்கோணமாக எடுங்கள். ஒவ்வொரு பிட்ச்சுக்கும் எண் கொடுத்து, எந்த ஆட்டம் எதில் என்று பருவம் முழுக்க ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஏப்ரலில் ஓரத்து பிட்ச்களைப் பயன்படுத்துங்கள், நடுவில் உள்ளவை வெயில் வரும் வரை இறுகட்டும்.

முதல் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் அந்த பிட்ச்சைத் தனியாக எடுங்கள். பிரஷ் போட்டு நிமிர்த்தி வெட்டுங்கள், ஆழமாக நீர் விடுங்கள், மேலே காய்ந்து உள்ளே மாவுப் பதம் வந்ததும் ரோலர். பிறகு தினமும் கொஞ்சம் வெட்டு, கொஞ்சம் ரோலர், மழை வந்தால் கவர். ஆட்டத்துக்கு முந்தைய நாள் உயரம் 5 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கட்டும்.

கோடு: ஸ்டம்ப்புக்கு ஸ்டம்ப் 20.12 மீட்டர். பவுலிங் கிரீஸ் 2.64 மீட்டர் நீளம். பாப்பிங் கிரீஸ் அதற்கு 1.22 மீட்டர் முன்னால், கோட்டின் பின்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு அளக்க வேண்டும். ரிட்டர்ன் கிரீஸின் உள்விளிம்பு நடு ஸ்டம்ப்பிலிருந்து இரு பக்கமும் 1.32 மீட்டர். இந்த அளவுகளுக்குச் செய்த மரச்சட்டம் ஷெட்டில் தொங்கும், ஆனால் பழைய சட்டம் வளைந்திருக்கலாம், முதல் முறை டேப் வைத்துச் சரிபாருங்கள்.

ஆட்டம் முடிந்த அன்று மாலையே பிட்ச்சைப் பெருக்கி, கால் பள்ளங்களைச் சுரண்டி, ஒரு வாளி லோமும் ஒரு பிடி விதையும் போட்டு மிதித்து, நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போகலாம்.